மாசி போன வழி

திருகோணமலைக்கும் யப்பானுக்கும் உள்ள தொடர்பு என்றதும் 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதிதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். அன்று காலை யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின் மீதும் சீனன்குடாவின் மீதும் குண்டு வீசின. அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் 'ஹேர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. அந்தச் சரித்திரம் பலமுறை எழுதப்பட்டுவிட்டது. இன்று நிலாவெளிக்கு வரும் யப்பானியர் புறாத்தீவையும் கடலையும் பார்க்க வருகிறார்கள். நம்மவர்களும் படிப்புக்கும் தொழிலுக்குமாக அந்த நாட்டுக்குப் போகிறார்கள். போகிறவர்கள் கேட்கிற முதற் கேள்வி ஒன்று உண்டு: "அங்கே போய் எதைச் சாப்பிடுவது? பச்சை மீனையா?"

பச்சை மீன் பிறகு இருக்கட்டும். நிலாவெளியில் பிறந்தவர் யப்பானிய உணவுக்குள் நுழைவதற்கு வேறொரு வாசல் இருக்கிறது. அந்த வாசலின் பெயர் மாசி.

தேங்காய்ச் சம்பலுக்கும் சீனிச் சம்பலுக்கும் நாம் இடித்துப் போடுகிற அந்தக் கரிய, கல்லுப் போன்ற துண்டு, சூரை மீனில் செய்யப்படுவது. மாலைதீவு மொழியில் 'மஸ்' என்றால் மீன். சரக்கோடு சொல்லும் சேர்ந்து வந்து நம்மிடம் மாசியாகிவிட்டது. 1343இல் மாலைதீவுக்குப் போய் அங்கே காதியாராகப் பதவி வகித்த இபின் பத்தூத்தா இந்த மீனைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒவ்வொரு மீனையும் நான்கு துண்டாக வெட்டி, சிறிது அவித்து, ஓலைக் கூடைகளில் இட்டுப் புகையிலே தொங்கவிடுவார்கள் என்றும், நன்றாகக் காய்ந்தபின் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யேமனுக்கும் அனுப்புவார்கள் என்றும் அவர் சொல்கிறார். 1344இல் அவர் புத்தளத்தில் இறங்கி ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்த கதையை நாம் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். அதே பயணத்தின் முற்பகுதியில்தான் இந்த மீன் குறிப்பு இருக்கிறது. மன்னரைப் படித்த நாம் மீனை விட்டுவிட்டோம்.

இனி யப்பானுக்கு வருவோம். அங்கே சூரைக்குக் 'கட்சுவோ' என்று பெயர். 8ஆம் நூற்றாண்டுச் சட்டத் தொகுப்பிலேயே, வரியாகச் செலுத்த வேண்டிய பொருள்களுள் காய்ந்த சூரையும் ஒன்று. 17ஆம் நூற்றாண்டில் கீ நாட்டு மீனவர் ஒருவர் அதனைப் புகையூட்டி உலர்த்தும் முறையைக் கண்டார் என்பது அவர்களின் மரபு. அப்படி உலர்ந்த துண்டுதான் கட்சுவோபுஷி. பெரிய மீனை அவர்களும் நான்காகவே வகிர்கிறார்கள். முதுகுப்பக்கத் துண்டு ஆண், வயிற்றுப்பக்கத் துண்டு பெண். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துவதால் கலியாண வீட்டில் சோடியாகப் பரிசளிக்கும் வழக்கமும் வந்தது. மாலைதீவு முறைதான் கடல்வழியே அங்கே போயிற்று என்று சொல்பவர்களும் உண்டு. ஆசை தரும் கருத்துத்தான். ஆனால் நிறுவுவதற்குச் சான்று போதாது. சூரை திரியும் இரண்டு கடற்கரைகளில் மனிதர் தனித்தனியே ஒரே உபாயத்தைக் கண்டிருக்கவும் கூடும்.

வேறுபாடு குசினியில் தொடங்குகிறது. நாம் மாசியை உரலில் இடிக்கிறோம், பல்லில் அகப்படவேண்டும். அவர்களோ தச்சனின் சீவுளி போன்ற ஒரு கருவியில் அதனைத் தேய்த்து, ஊதினால் பறக்கும் சீவல்களாக்குகிறார்கள். கொம்பு என்ற கடற்பாசியை ஊறவைத்துச் சூடாக்கிய நீரில் அந்தச் சீவலை இட்டு, சற்று நேரத்தில் வடித்துவிடுகிறார்கள். மீன் போய்விட்டது, சுவை தங்கிவிட்டது. அந்தத் தெளிந்த நீருக்குத் 'தாஷி' என்று பெயர். யப்பானியரின் சூப்பு, நூடில்ஸ், அவித்த மரக்கறி, முட்டைப் பொரியல் எல்லாவற்றுக்கும் அடியில் நிற்பது அதுதான். நம் நாக்கு உறைப்பையும் புளியையும் முதலில் தேடும். அவை இல்லாத இடத்தில் "ஒன்றும் இல்லையே" என்று கிண்ணத்தை வைத்துவிடும். சம்பலில் மாசி குறைந்தால் கண்டுபிடிக்கிற நாக்குக்கு இது கடினமான வித்தையல்ல. இரண்டு மிடறு பொறுத்தால் போதும்.

இந்தச் சுவையின் இரகசியத்தை 1908இல் கிக்குனாயே இக்கேதா என்ற இரசாயனப் பேராசிரியர் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்தார். அடுத்த ஆண்டே அது 'அஜினோமோட்டோ' என்ற பெயரில் கடைக்கு வந்தது. அந்தப் பெயரைத் திருகோணமலைக் கொத்துரொட்டிக் கடைக்காரருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 1913இல் அவருடைய மாணவர் ஷின்தாரோ கொதாமா கட்சுவோபுஷியின் சுவைப்பொருளை இனங்கண்டார். பாசியும் சூரையும் சேரும்போது சுவை பன்மடங்காகும் என்பது பின்னர் தெரிந்த செய்தி.

இரு குசினிகளும் ஒருமுறை நேருக்கு நேர் மோதியதும் உண்டு. மாலைதீவு மாசிக்கு நீண்டகாலமாக இலங்கையே பெருஞ்சந்தை. 1970களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இங்கே இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. மாலைதீவு மீனவர் விற்க இடமின்றித் தவித்தனர். அவ்வேளை யப்பானியக் கம்பனிகளின் குளிரூட்டிய கப்பல்கள் அந்தக் கடலுக்கு வந்து, சூரையைப் பச்சையாகவே வாங்கிக்கொண்டன. அவித்துப் புகையூட்டிவந்த பெண்களின் கைவேலைக்குத் தேவை குறைந்தது. பாணுக்கு வரிசையில் நின்ற அந்த ஆண்டுகளை நினைவில் வைத்திருப்பவர்களுக்குச் சம்பலில் மாசி அருகியதும் நினைவிருக்கும். அது போன திசைகளில் ஒன்று கிழக்கு.

சரி, எங்கே சாப்பிடுவது? டோக்கியோவில் இறங்கியவர் விலையுயர்ந்த சுஷிக் கடையைத் தேடி ஓடவேண்டாம். புகையிரத நிலையங்களில் நின்றபடியே சாப்பிடும் சோபாக் கடைகள் இருக்கின்றன. செலவு குறைவு, தாஷியின் மணம் வாசலிலேயே வரும். உறிஞ்சிச் சாப்பிடுவது அங்கே மரியாதைக் குறைவல்ல. நிஹொன்பாஷியில் 1699இல் தொடங்கிய 'நின்பென்' என்ற கட்சுவோபுஷிக் கடை இருக்கிறது. அங்கே தாஷியைத் தேநீர் போலக் கிண்ணத்தில் ஊற்றித் தருவார்கள். நகரின் பழைய மீன்சந்தையும் அந்த நிஹொன்பாஷியிலேதான் இருந்தது. 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு சுக்கிஜிக்கும், 2018இல் தொயொசுவுக்கும் மாறியது. சுக்கிஜியின் வெளிக்கடைகள் மட்டும் இன்றும் அங்கேயே இருக்கின்றன. சீவல் வாங்க நல்ல இடம். ஒசாக்காவுக்குப் போனால் நூடில்ஸ் நீரின் நிறம் வெளிறிவிடும். டோக்கியோக்காரர் சோயாவை முன்னே விடுவார்கள், ஒசாக்காக்காரர் பாசியை. எனக்குக் கேட்டால் ஒசாக்காவின் பக்கமே நிற்பேன்.

கறி நினைவு வந்துவிட்டால் அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. வெள்ளையரிடமிருந்து தப்பி 1915இல் யப்பான் சென்ற ராஷ் பிகாரி போஸ், தம் மாமனாரின் நக்கமுராயா கடையில் 1927இல் இந்தியக் கறியை அறிமுகப்படுத்தினார். சின்ஜுக்குவில் அது இன்றும் கிடைக்கிறது. ஆனால் நம்மவர் ருசிபார்க்க வேண்டியது கறி உடொன் என்பேன். கறித்தூளும் சூரைச் சாறும் ஒரே கிண்ணத்தில் கலந்திருக்கும். சம்பல் தின்று வளர்ந்தவருக்கு அது அந்நியமாக இராது.

சைவ உணவுக்காரர் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். கண்ணுக்கு மீன் தெரியாத மிசோ சூப்பிலும் கீரையிலும் சூரை கரைந்திருக்கும். "மாசி போட்ட சம்பலா?" என்று இங்கே கேட்டுவிட்டுத்தானே தொடுகிறோம், அங்கே "தாஷி எதில்?" என்று கேட்கவேண்டும். கோயா மலையின் பௌத்த மடங்களில் தங்குவோருக்குப் பாசியிலும் காளானிலும் இறக்கிய சாற்றோடு முழுச் சைவச் சாப்பாடே கிடைக்கும்.

சூரையைச் சூரையாகவே உண்ண விரும்பினால் ஷிக்கோக்குத் தீவின் கோச்சிக்குப் போகவேண்டும். கேரளத்துக் கொச்சி அல்ல. இந்தக் கோச்சியின் பழம்பெயர் தோசா. அதற்கும் நம் தோசைக்கும் உறவு காட்டி யாரும் கட்டுரை எழுதிவிடாதிருப்பார்களாக. அங்கே மீன்துண்டை வைக்கோல் தீயில் வாட்டுவார்கள். மேற்புறம் கருகும், உள்ளே சிவப்பு அப்படியே இருக்கும். தடித்த துண்டாக அரிந்து, பச்சை உள்ளியும் உப்பும் வைத்துத் தருவார்கள். ஹிரோமே சந்தையில் பலரோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிடலாம். இளவேனிலில் வடக்கே போகும் முதற் சூரைக்கு ஒரு காலத்தில் பெருமதிப்பு. 1812இல் கபுக்கி நடிகர் ஒருவர் ஒரே மீனுக்கு 3 பொற்காசு கொடுத்ததாகக் குறிப்பு இருக்கிறது. கொழுப்பு ஏறிய சூரை வேண்டுமானால், அது தெற்கே திரும்பும் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் போவதே நல்லது.