கல் வந்த வழி

சரித்திரம் ஏட்டில் மட்டுமே உள்ளதென்று எண்ணிவிடாதீர்கள், மாணவர்களே; கல்லிலும் அது உண்டு. சென்னை எழும்பூர் அரும்பொருட்காட்சிசாலையில் அமராவதிச் சிற்பங்கள் இருக்கின்றன. கிருஷ்ணா நதிக்கரையில் விளங்கிய பெரிய பௌத்த ஸ்தூபத்தை அணிசெய்த சுண்ணாம்புக் கற்கள் அவை.

பல்லாண்டுகள் மாணவர்களை அவற்றின்முன் நிறுத்திப் புத்தர்பிரானின் கதையைச் சொல்லி வந்தேன். ஒருநாள் ஒரு சிறுவன், "ஐயா, மற்றக் கற்கள் எங்கே?" என்றான். எனக்கு விடை தெரியவில்லை. பிறகுதான் தேடிப் படித்தேன்.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், புதிய கட்டடங்களுக்காக உள்ளூராரே அம்மேட்டைத் தோண்டிக் கல்லெடுத்தனர். 1797-இல் காலின் மெக்கன்ஸி அதைக் கண்டார். பின்னர் மீண்டும் வந்து சிற்பங்களைப் படமாக வரைவித்தார். 1845-இல் வால்டர் எலியட் என்னும் கம்பெனி அதிகாரி அகழ்ந்தெடுத்த கற்கள் சென்னை வந்தன. கம்பெனி ஆட்சி முடிந்த மறு ஆண்டு, 1859-இல், அவை கப்பலேறி லண்டன் சென்றன. பிற்காலத்தில் அகழ்ந்தவற்றுட் பல எழும்பூரில் தங்கின.

கொண்டு சென்றதனால் கற்கள் பிழைத்தன என்பாருண்டு. உள்ளூரில் பல அழிந்ததும் மெய்யே. ஆயினும் எந்தக் கல் எங்கே இருக்கவேண்டுமென்று தீர்மானித்தவர் யார்? அமராவதி மக்களை எவரும் கேட்கவில்லை. கேளாமலே தீர்மானிக்கும் அவ்வதிகாரத்திற்குத்தான் பேரரசு என்று பெயர்.

ஆதலின் காட்சிசாலையில் ஒரு பொருளின் அழகைக் கண்டபின், அது வந்த வழியையும் கேளுங்கள். அச்சிறுவன் எனக்குக் கற்பித்த பாடம் அதுவே.