மணி அடிக்கும் விசை

1984இல் பெரியமேட்டில் ஒரு தோல் ஏற்றுமதி அலுவலகத்தில் டெலக்ஸ் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். லைனில் உட்கார்ந்து யோசித்து யோசித்து அடித்தால் காசு கரையும். அதனால் செய்தியை முதலில் காகித நாடாவில் துளையிட்டு வைத்துக்கொள்வோம். லைன் கிடைத்ததும் நாடா தானே ஓடும். ஓர் எழுத்துக்கு ஐந்து துளைக்கான இடம். தப்பாக அடித்துவிட்டால் விழுந்த துளையை அடைக்க வழியில்லை. நாடாவை ஓர் எழுத்து பின்னுக்குத் தள்ளி, அதே இடத்தில் ஐந்தையும் துளைத்துவிடுவோம். ஐந்தும் துளையாக இருந்தால் அந்தப் பக்கத்து இயந்திரம் எதையும் அச்சடிக்காமல் தாண்டிப் போய்விடும்.

இருபது வருடம் கழித்து அதே அலுவலகத்தில் லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்னிடம் வந்தது. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி குறியீட்டில் டிலீட்டின் எண் 127 என்று ஒரு நாள் படித்தேன். ஏழு பிட்டும் ஒன்று. அதாவது ஏழு இடத்திலும் துளை. அதற்குமேல் எனக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. கமாண்ட் லைனில் நாம் அழுத்தும் ஷார்ட்கட்டுகள் எங்கிருந்து வந்தன என்று தேட ஆரம்பித்தது அன்றுதான்.

ஆஸ்கி குறியீடு முதலில் வெளியானது 1963இல். டெலிடைப் மாடல் 33 சந்தைக்கு வந்ததும் அதே ஆண்டு. நொடிக்குப் பத்து எழுத்து அடிக்கும் இயந்திரம். கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸை உருவாக்கிய காலத்தில் அவர்கள் கைக்குக் கீழே இருந்தது இதுதான். அதில் கன்ட்ரோல் விசை செய்த வேலை மிகவும் எளியது: எழுத்தின் எண்ணிலிருந்து 64ஐக் கழித்துவிடும். ஏ 65, கன்ட்ரோல்-ஏ 1. ஜி 71, கன்ட்ரோல்-ஜி 7. ஏழு என்றால் மணி. இயந்திரத்துக்குள் இருந்த நிஜமான மணி ஒன்று 'டங்' என்று அடிக்கும்.

அதே இயந்திரத்தில் கன்ட்ரோல்-எஸ் நாடாவைப் படிக்கும் பகுதியை நிறுத்தும். கன்ட்ரோல்-க்யூ மறுபடி ஓட்டும். சர்வர் வேலைக்கு வந்த முதல் மாதத்தில், ராத்திரி பேக்கப் நடுவே கை தவறி கன்ட்ரோல்-எஸ்ஸை அழுத்திவிட்டேன். திரை அப்படியே நின்றுவிட்டது. எந்த விசைக்கும் பதில் இல்லை. சர்வரே போய்விட்டது என்று பயந்து, மின்சாரத்தைத் துண்டிக்கும் அளவுக்குப் போனேன். ஒரு கன்ட்ரோல்-க்யூ போதுமாயிருந்தது. நாடாவே இல்லாத காலத்தில் நாடாவை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன், டெர்மினலும் கீழ்ப்படிந்திருக்கிறது.

இயந்திரம் தந்த விசைகள் இவை. மனிதர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட விசைகளின் கதை எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் வளர்ந்தது. அங்கே டெக்கோ என்ற எடிட்டரில் ஆளாளுக்கு மேக்ரோ எழுதி, விசைகளுக்கு அவரவர் வேலையைக் கொடுத்து வைத்திருந்தார்கள். விளைவு, ஒருவர் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்தால் ஒரு வரி கூடத் திருத்த முடியவில்லை. கை ஸ்டீல் எல்லாருடைய தொகுப்பையும் பார்த்து ஒரு பொது ஏற்பாட்டுக்கு அடித்தளம் போட்டார். ரிச்சர்ட் ஸ்டால்மன் அதை முடித்து 1976இல் ஈமேக்ஸ் ஆக்கினார். வரியின் தொடக்கத்துக்குக் கன்ட்ரோல்-ஏ, முடிவுக்கு ஈ, முன்னே நகர எஃப், பின்னே வர பி, மிச்ச வரியை வெட்டக் கே. இத்தனை வருடமாக என் விரல்கள் பேசும் மொழி இதுதான். பொது மொழி ஒன்றைக் கொடுத்துவிட்டு, பிடிக்காதவர் மாற்றிக்கொள்ளும் கதவையும் திறந்தே வைத்தார்களே, அதைத்தான் நான் அந்த ஆய்வகத்தின் பெரிய கொடையாக நினைக்கிறேன்.

அந்தக் கதவு ஷெல்லுக்கு வந்தது பிரையன் ஃபாக்ஸால். ஸ்டால்மனின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்காக அவர் எழுதிய பாஷ் ஷெல் 1989இல் வெளிவந்தது. வரியைத் திருத்தும் பகுதிக்கு ரீட்லைன் என்று பெயர். அதன்பின் இரண்டையும் பல பத்தாண்டுகளாகப் பராமரித்து வருபவர் செட் ராமி. ஒஹையோவில் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தபடியே இதைச் செய்தவர். 1991இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் தன் புதிய கெர்னலில் முதலில் ஓட்டிப் பார்த்தவற்றில் பாஷும் ஒன்று. ஆக, லினக்ஸ் பிறந்தபோதே இந்த விசைகளும் கூடவே இருந்தன.

மாற்ற விரும்புகிறவர் வீட்டு அடைவில் 'இன்புட்ஆர்சி' என்று ஒரு கோப்பு வைத்துக்கொண்டால் போதும், பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியோடு. எந்த விசை என்ன குறியை அனுப்புகிறது என்று பார்க்க, கன்ட்ரோல்-வி அழுத்திவிட்டு அந்த விசையை அழுத்த வேண்டும். மேல் அம்பை அழுத்தினால் ஒரு தொப்பிக் குறி, இரண்டு சதுர அடைப்பு, ஒரு ஏ. 1978இல் வந்த விடி100 டெர்மினலின் அம்பும் இதையேதான் அனுப்பியது. என் கோப்பின் முதல் வரி அந்தக் குறிக்கு வேறு வேலை கொடுக்கிறது: நான் முதல் நான்கு எழுத்தை அடித்து மேல் அம்பை அழுத்தினால், அப்படித் தொடங்கிய பழைய கட்டளைகள் மட்டும் ஒவ்வொன்றாக வரும். கோப்பைச் சேமித்த பின் கன்ட்ரோல்-எக்ஸ், கன்ட்ரோல்-ஆர். உடனே நடைமுறைக்கு வந்துவிடும். டெலக்ஸ் காலத்தில், அடிக்கடி போகும் முகவரிகளைத் துளைத்த நாடாத் துண்டுகளை ஆணியில் மாட்டி வைத்திருப்பேன். அதே சுகம் இது.

கேப்ஸ் லாக்கையும் கன்ட்ரோலாக்கிவிட்டேன். மாடல் 33இல் கன்ட்ரோல் இருந்தது ஏ எழுத்துக்கு இடப் பக்கத்தில், சுண்டுவிரல் தானாக விழும் இடத்தில். 1981இன் ஐபிஎம் பிசியிலும் அங்கேதான். 1980களின் நடுவில் வந்த 101 விசைப் பலகை அதைக் கீழ் மூலைக்குத் துரத்திவிட்டது. என் மணிக்கட்டு வலி ஒரு மாதத்தில் குறைந்தது.

தமிழுக்கு இந்த வரலாறு ஒரு கண்ணியும் வைத்திருந்தது. ஆல்ட் விசைக்கு மூதாதை மெட்டா. மெட்டாவோடு அழுத்திய எழுத்துக்கு எட்டாவது பிட்டை ஏற்றி அனுப்புவது ஒரு பழைய பழக்கம். 'கன்வெர்ட்-மெட்டா' என்ற அமைப்பு திறந்திருந்தால், எட்டாவது பிட் ஏறிய எதையும் ரீட்லைன் மெட்டா ஷார்ட்கட்டாக எடுத்துக்கொள்ளும். யூடிஎஃப்-8இல் ப போன்ற எழுத்தும் புள்ளி போன்ற குறியும் ஒவ்வொன்றும் மூன்று பைட். மூன்றிலும் அந்தப் பிட் உண்டு. ப என்பது 224, 174, 170. ஒவ்வொன்றிலும் 128ஐக் கழித்துப் பாருங்கள்: 96, 46, 42. நாற்பத்தாறு முற்றுப்புள்ளி, நாற்பத்திரண்டு நட்சத்திரம். மெட்டா-முற்றுப்புள்ளி என்றால் முந்தைய கட்டளையின் கடைசிச் சொல்லைக் கொண்டுவந்து ஒட்டு. மெட்டா-நட்சத்திரம் என்றால் பொருந்தும் பெயர்களையெல்லாம் கொட்டு. மெய்யின் புள்ளிக்கு நடு பைட் 175. கழித்தால் 47, சாய்கோடு, அது கோப்புப் பெயரை நிரப்பச் சொல்லும் ஆணை.

பழைய சர்வர் ஒன்றில் 'பட்டியல்' என்று கோப்புப் பெயர் அடிக்கப் போய், சம்பந்தமில்லாத சொற்கள் வரிவரியாகக் கொட்டியதை நான் பார்த்திருக்கிறேன். தமிழ் அங்கே ஓடாது என்றார்கள் உடன் இருந்தவர்கள். பைட்டுகளைக் காகிதத்தில் எழுதிக் கழித்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது, என் தாய்மொழியின் ஒவ்வோர் எழுத்தும் ஒரு கட்டளையாகப் படிக்கப்பட்டிருக்கிறது. ரீட்லைனின் இன்புட்-மெட்டா, அவுட்புட்-மெட்டா என்ற அமைப்புகளைத் திறந்து கன்வெர்ட்-மெட்டாவை மூடினேன். மூன்று வரி. 'பட்டியல்' பட்டியலாகவே வந்தது. அன்று மேஜையில் தலை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதேன்.

கோப்பின் கடைசி வரி மணிக்கானது. என்னோடு வேலை பார்க்கும் இளைஞர்கள் அதை அணைத்துவிடுகிறார்கள், சத்தம் தொந்தரவாம். நான் கேட்கும்படி வைத்திருக்கிறேன். டெலக்ஸ் காலத்தில், ராத்திரி ஷிஃப்டில் ஹாம்பர்க் ஆபரேட்டர் என்னைக் கூப்பிட மணிக் குறியை அனுப்புவார். தூங்கி வழிந்த அறையில் இயந்திரம் சிணுங்கும். எழுந்து போய், இருக்கிறேன் என்று அடிப்பேன். இப்போது ஏதாவது ஒன்றை வேண்டாமென்று விட்டுவிடக் கன்ட்ரோல்-ஜி அழுத்தும்போதெல்லாம் மணி அடிக்கிறது. மாடல் 33இல் இருந்த அதே ஏழாம் எண்.