பெயரில் மட்டும் பிரெஞ்சு

ஹைதராபாத்தில் நான் குடியிருக்கும் வீட்டின் பின்புறத் தோட்டத்தில் கல் பாவிய சிறு முற்றம் ஒன்று உண்டு. மழை பெய்தால் அங்கே கணுக்கால் அளவு நீர் நிற்கும். சென்ற மாதம் உரிமையாளர் இரண்டு ஆட்களைக் கொண்டு முற்றத்தின் ஓரமாகச் சரிவான வாய்க்கால் வெட்டி, அடியில் துளையிட்ட குழாயைக் கிடத்தி, சரளையால் நிரப்பி, மேலே கூழாங்கல் பரப்பச் செய்தார். செலவு குறைவு, அங்கே ஒரு வடிகால் இருப்பதே புறக்கண்ணுக்குத் தெரியாது. மேற்பார்வைக்கு வந்த மேஸ்திரி அதை ‘பிரெஞ்ச் டிரெயின்’ என்றார். உடனிருந்த ஆய்வு மாணவர், அது பிரான்சில் தோன்றிய முறை என்று விளக்கத் தொடங்கிவிட்டார்.

பிரான்சுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பிரெஞ்ச் என்பது ஒருவரின் குடும்பப் பெயர். ஹென்றி ஃபிளாக் பிரெஞ்ச் (1813–1885) அமெரிக்க வழக்கறிஞர், நீதிபதி; பின்னாளில் அந்நாட்டுக் கருவூலத் துறையின் துணைச் செயலர். வாஷிங்டனிலுள்ள லிங்கன் சிலையை வடித்த டேனியல் செஸ்டர் பிரெஞ்ச் இவருடைய மகன். தந்தை 1859இல் ‘பண்ணை வடிகால்’ என்னும் நூலை வெளியிட்டார். கல், மரம், கலப்பை, திறந்த வாய்க்கால், சுட்ட ஓடு ஆகியவற்றால் நிலத்தை வடிக்கும் முறைகளை அதன் துணைத்தலைப்பே அடுக்கிச் சொல்கிறது. அவர் செய்தது தொகுப்பும் பரப்பலும், கண்டுபிடிப்பு அன்று.

முதலாம் நூற்றாண்டிலேயே உரோமானிய வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லா மூன்றடி ஆழக் குழி வெட்டி, அதில் பாதியளவு சிறு கல்லோ சரளையோ இட்டு, தோண்டிய மண்ணால் மூடச் சொல்கிறார். கல் கிடைக்காத இடத்தில் சுள்ளிகளைக் கயிறுபோல் முறுக்கி இடலாம் என்பது அவர் தரும் மாற்று. ஆக, நுட்பம் பழையது. அதை மலிவாக்கியதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பங்களிப்பு. அக்கதை பெரிதும் இங்கிலாந்துக்கு உரியது.

அங்கே ஓட்டின்மீது வரி இருந்தது. 1826இல், ‘டிரெயின்’ என்ற சொல் பொறித்த வடிகால் ஓடுகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. 1843இல் ஜான் ரீட் என்பவரின் உருளைக் களிமண் குழாய்கள் டார்பி வேளாண் கண்காட்சிக்கு வந்தன. ரீட் தோட்டத் தொழிலாளி. இரைப்பையைக் கழுவும் பம்பை உருவாக்கியவரும் அவரே! இரண்டே ஆண்டுகளில் தாமஸ் ஸ்கிராக் களிமண்ணை அச்சில் பிதுக்கிக் குழாய் செய்யும் பொறியை அமைத்தார்; விலை சரிந்தது. 1846இல், தானியச் சட்டங்கள் நீக்கப்பட்ட அதே ஆண்டில், வடிகால் அமைக்க நிலவுடைமையாளர்களுக்கு அரசு கடன் வழங்கியது. கடன் உடைமையாளருக்கு என்பதைக் கவனிக்க வேண்டும், உழைப்பு பிறருடையது.

அவ்வுழைப்பின் தன்மையும் கருதத்தக்கது. தோண்டும் மண் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குச் செலவும் குறையும். ஆதலால் ஆள் இறங்கி நிற்க இயலாத அளவு ஒடுக்கமாகக் குழி வெட்டினர். அடிப்பகுதியை நீண்ட குறுகிய மண்வெட்டியால் செதுக்கி, குழாயைக் கொக்கியில் மாட்டி மேலிருந்தபடியே இறக்கினர். அவ்வாறு வெட்டியவர்கள் எவர் பெயரும் வடிகாலுக்கு வரவில்லை. புத்தகம் எழுதிய நீதிபதியின் பெயர் நின்றது. அதையும் நாம் ஒரு நாட்டின் பெயராக மாற்றிவிட்டோம்.

எங்கள் முற்றத்தில் வேலை செய்த இருவரிடமும் இதன் பெயரைக் கேட்டேன். “கல் போடுகிற குழி” என்றார் மூத்தவர்.