சமயமின்மை ஆய்வு (பிரிட்டன்)

எந்தச் சமயத்தையும் சேராதவர்களின் நம்பிக்கை, பழக்கவழக்கம், தேச உணர்வு ஆகியவற்றை ஆராயும் சமூக அறிவியல் துறை. நாத்திகம் இதில் ஒரு பகுதிதான். கடவுள் உண்டா இல்லையா என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதவர்களும் இதில் அடக்கம்.

1851 மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை, தேவாலயங்களுக்கு வந்தவர்களைப் பிரிட்டிஷ் அரசு எண்ணியது. வராதவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. 'செக்குலரிசம்' என்ற சொல்லை ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக் உருவாக்கியதும் அதே ஆண்டில்தான். 1866இல் சார்லஸ் பிராட்லா தேசிய செக்குலர் சங்கத்தை நிறுவினார். அந்த அலை 1880களில் சென்னையையும் தொட்டது. அங்கிருந்த இலௌகிக (செக்குலர்) சங்கத்தின் 'தத்துவ விவேசினி' இதழ் அதற்குச் சாட்சி. பல்கலைக்கழகங்கள்தாம் மெதுவாக விழித்தன. சமயமின்மைக்கென ஒரு சமூகவியல் வேண்டும் என்று காலின் கேம்பெல் 1971இல் நூலே எழுதினார். நெடுங்காலம் அதைப் பின்தொடர்ந்தவர்கள் சொற்பம்.

துறைக்குச் சூடேற்றியது 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. இங்கிலாந்து, வேல்ஸ் படிவம் இனக்குழுவை விசாரித்த கையோடு 'உங்கள் மதம் என்ன?' என்று கேட்டது. விருப்பமிருந்தால் பதில் சொல்லலாம். 71.7% பேர் 'கிறிஸ்தவர்' கட்டத்தில் குறியிட்டனர். மதமில்லை என்றவர்கள் 14.8%. ஸ்டார் வார்ஸ் படத்தின் 'ஜெடை'தான் தங்கள் மதம் என்று குறும்பாக எழுதிய ஏறத்தாழ 3,90,000 பேரும் இந்த இரண்டாம் கணக்கில்தான் சேர்ந்தார்கள். ஸ்காட்லாந்துப் படிவமோ எந்த மதத்தை, எந்தத் திருச்சபையைச் சேர்ந்தவர் என்று கேட்டது. அங்கே மதமில்லை என்றவர்கள் 27.5%. இரு நாடுகளின் சமய வரலாறும் வேறு. எல்லாப் பழியையும் வாசகத்தின் தலையில் போட முடியாது. ஆனாலும் 'என்ன?' என்ற கேள்வியிலேயே ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும் என்ற தொனி இருக்கிறது.

'கிறிஸ்தவர்' என்று குறியிட்டவர்களில் தேவாலயப் பக்கமே போகாதவர்கள் ஏராளம். பிறகு ஏன் குறியிட்டார்கள்? மானிடவியலாளர் ஆபி டே வட இங்கிலாந்தில் ஆட்களைச் சந்தித்துப் பேசினார். எதிலும் நம்பிக்கையில்லை என்ற பள்ளிச் சிறுவனும் தன்னைக் கிறிஸ்தவன் என்றே சொல்லிக்கொண்டான். பலருக்கு அந்தச் சொல் குடும்பத்தையும் இனத்தையும் ஆங்கிலேயர் என்ற அடையாளத்தையும் குறித்தது. 'நாங்கள் அவர்கள் அல்ல' என்ற விலக்கலும் அதில் ஒளிந்திருந்தது. 2011இல் வெளியான அவருடைய நூலுக்குப் பின், கணக்கெடுப்பின் கிறிஸ்தவரை அப்படியே பக்தராக எண்ணுவது கடினமாயிற்று.

இதற்கிடையே 2008இல் லோயிஸ் லீ, ஸ்டீஃபன் புல்லிவன்ட் இருவரும் ஆய்வாளர் வலையமைப்பு ஒன்றைத் தொடங்கினர். 2012இல் துறைக்கெனத் தனி ஆய்விதழும் வந்தது.

2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸில் கிறிஸ்தவர் 46.2%, மதமில்லாதோர் 37.2%. அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்தில் மதமில்லாதோர் பாதியைத் தாண்டினர். இங்கிலாந்துப் படிவம் இன்னமும் 'உங்கள் மதம் என்ன?' என்றே கேட்கிறது.