தீக்கோழியும் ஆராய்ச்சியும்

பொன்னும் வைரமும் ஆட்டுமயிரும் ஒரு நாட்டின் ஏற்றுமதிப் பொருள்களுள் முதன்மை பெறுதல் வியப்பன்று. அவற்றுக்கு அடுத்த இடத்தினை ஒரு பறவையின் இறகு பெற்றமையே வியப்பாகும். 1913ஆம் ஆண்டிலே தென்னாபிரிக்க ஒன்றியத்தின் நிலை அவ்வாறிருந்தது. அவ்வாண்டில் ஏறக்குறைய 10 இலட்சம் இறாத்தல் தீக்கோழியிறகு அங்கிருந்து ஏற்றுமதியாயிற்று. அதன் பெறுமதி ஏறக்குறைய 30 இலட்சம் பவுண். அடுத்த ஆண்டிலே அவ்வணிகம் சரிந்தது. இவ்வெழுச்சியோடும் வீழ்ச்சியோடும் பிணைந்து வளர்ந்த ஆராய்ச்சியின் வரலாறு, அறிவுக்கும் வாணிகத்துக்குமுள்ள உறவினை விளக்கும் சிறந்ததொரு சான்றாகும்.

தொடக்கத்தில் மக்கள் தீக்கோழியை வேட்டையாடிக் கொன்றே இறகு பெற்றனர். 1860களிலே நன்னம்பிக்கை முனைக் குடியேற்ற நாட்டின் கமக்காரர் அதனை வேலியிட்டு வளர்க்கத் தலைப்பட்டனர். முதிர்ந்த இறகினை அடிக்குருத்துக்கு மேலே நறுக்கினால் பறவைக்கு நோவில்லை. இறகு மீண்டும் வளரும். எனினும் பறவைகளைப் பெருக்குதல் எளிதன்று. ஏறக்குறைய ஆறு வாரம் பகலிற் பெட்டையும் இரவிற் சேவலும் மாறிமாறி அடைகாத்தல் இப்பறவையின் இயல்பு. அவ்வளவு காலமும் அவை வேறு முட்டை இடுவதில்லை. இக்குறையை நீக்க ஆதர் டக்ளஸ் என்பார் 1869ஆம் ஆண்டளவிலே அடைகாக்கும் பொறியொன்றினை அமைத்தார். 1865ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே 80 ஆக இருந்த வளர்ப்புத் தீக்கோழிகள் 1875இல் 32,247 ஆகப் பெருகின. சிறு கரூ நிலப்பகுதியிலுள்ள ஔட்சூர்ன் என்னும் ஊர், நீர்ப்பாய்ச்சலாலும் லூசேண் என்னும் தீவனப் பயிராலும் இத்தொழிலுக்குத் தலைநகராயிற்று.

வருவாய் பெருகவே இறகின் தரம் பற்றிய வினாக்களும் எழுந்தன. அவற்றுக்கு விடை காண முற்பட்டவர்களுள் தலையாயவர் யே. ஈ. டியூர்டன் என்னும் ஆங்கிலேய அறிஞராவர். யமேக்காவிலே பவளவுயிர்களை ஆராய்ந்த இவர், 1905ஆம் ஆண்டிலே, இன்று மக்காண்டா எனப்படும் கிரகாம்ஸ்ரவுன் நகரத்து உரோட்சுப் பல்கலைக் கழகக் கல்லூரியில் விலங்கியற் பேராசிரியரானார். இறகிலே குறுக்காகத் தோன்றும் மெலிந்த கோடுகள் அதன் விலையைக் கெடுத்துவந்தன. வளரும் இறகுக்குக் குருதிவழியே செல்லும் ஊட்டம் குறையும் பொழுதுகளிலே அக்கோடுகள் உண்டாகின்றன என்றும், இரவிலே குருதியழுத்தம் தாழ்தலும் அதற்குக் காரணமென்றும் டியூர்டன் விளக்கினார். இறகின் குற்றம் இறகில் இல்லை. பறவையின் உடல்நலத்திலேயே உள்ளது என்பது இவ்விளக்கத்தின் சாரமாகும்.

நல்லினம் தேடும் முயற்சியும் உடனிகழ்ந்தது. 1911ஆம் ஆண்டிலே அரசாங்கம் தோண்டன் என்னும் வேளாண்மை அலுவலரின் தலைமையில் ஒரு குழுவினை மேற்காபிரிக்காவுக்கு அனுப்பியது. அடர்ந்த தூவியுடைய வடநாட்டுத் தீக்கோழியைக் கொணர்தல் அதன் நோக்கம். நூற்றுக்கு மேற்பட்ட பறவைகள் 1912இல் தென்னாபிரிக்காவை அடைந்தன. இவற்றைத் தென்னாட்டுப் பறவைகளுடன் கலந்து, உச்சி வழுக்கை, சிறகிலுள்ள வெண்டூவிகளின் எண்ணிக்கை முதலிய பண்புகள் வழிவழி வருமாற்றினை டியூர்டன் ஆராயலானார்.

ஆயின், அறிவு முதிருமுன்னரே வணிகம் அழிந்தது. அளவுக்கு மிஞ்சிய உற்பத்தி, மாறிய ஆடையணி வழக்கு, 1914ஆம் ஆண்டிலே மூண்ட உலகப்போர் ஆகியன ஒருங்கு கூடின. திறந்த மோட்டார் வண்டியிற் செல்லும் மாதர்க்கு இறகு சூடிய பெருந்தொப்பி ஒவ்வாததாயிற்று. 7 இலட்சத்துக்கு மேற்பட்டிருந்த வளர்ப்புப் பறவைகள் சில ஆண்டுகளிலே பெரும்பாலும் அழிந்தொழிந்தன. கடன்பட்டு நிலம் வாங்கிய கமக்காரர் பலர் நிலமிழந்தனர். நல்ல இறகு எவ்வாறு வளருமென ஆராய்ச்சியாற் கூற முடிந்தது; இறகினை உலகம் எத்துணைக் காலம் விரும்புமென அதனாற் கூற முடியவில்லை.

டியூர்டனும் பின்னர் ஆட்டுமயிராராய்ச்சியிற் புகுந்தார். ஆனால் அவர் கண்டவை மறையவில்லை. தீக்கோழி நிலத்திலே படுக்கும்போது தரையிற் படும் உடற்பாகங்களில் தோல் தடித்துக் காய்த்திருக்கும். இத்தடிப்பு உராய்வினால் உண்டாவதன்று. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சிலேயே அது காணப்படும். டியூர்டன் 1920ஆம் ஆண்டிலே இதன் பரம்பரை பற்றி எழுதினார். 1942இல் வாடிங்ரன் என்னும் உயிரியலறிஞர், வாழ்நாளிற் பெற்ற பண்பு போலத் தோன்றுவது பரம்பரைப் பண்பாக நிலைபெறுமாற்றினை விளக்கும்போது இத்தோற்றடிப்பினையே எடுத்துக்காட்டினார். தொப்பிக்காக வளர்க்கப்பட்ட பறவை கூர்ப்புக் கொள்கைக்குச் சான்றாயிற்று.

தொழிலும் வேறு வடிவிலே உயிர்த்தது. 1945ஆம் ஆண்டிலே சிறு கரூவின் கமக்காரர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். காலப்போக்கில் தோலும் இறைச்சியும் முதன்மை பெற்றன. 1964இல் ஔட்சூர்னில் ஆராய்ச்சிப் பண்ணை நிறுவப்பட்டது. வினாக்களும் மாறின: குஞ்சுகள் இளமையிலே பெருந்தொகையாய் இறப்பதேன்? கோழிக்கு வகுத்த தீவனக் கணக்குத் தீக்கோழிக்குப் பொருந்துமா? பொருந்தாதென்பது பின்னர்த் தெளிவாயிற்று. தீக்கோழியின் நீண்ட பெருங்குடலிலே நுண்ணுயிர்கள் நாருணவைச் சிதைத்தலால், கோழியினும் மிகுந்த சக்தியை அது புல்லிலிருந்து பெறுகின்றது.

1996ஆம் ஆண்டிலே ஔட்சூர்னில் தீக்கோழி அறுக்குமிடத்துத் தொழிலாளருள் 17 பேர் கிரிமியக் கொங்கோக் காய்ச்சலுக்கு ஆளாயினர். உண்ணி வழியே பரவும் அக்கொடிய நோயின் நச்சுயிர் பறவையின் குருதியிற் சில நாள்களே தங்குகின்றதென ஆராய்ச்சி காட்டிற்று. ஆதலின் அறுப்பதற்குமுன் பறவைகளை 14 நாள் உண்ணியற்ற பட்டியில் வைத்தல் விதியாயிற்று. 2011இல் பறவைக் காய்ச்சல் தோன்றியபோது ஐரோப்பாவுக்கான பச்சை இறைச்சி ஏற்றுமதி நின்றது. பல்லாயிரம் பறவைகள் கொல்லப்பட்டன.

இவ்வரலாறு புலப்படுத்துவது ஒன்றுண்டு. ஆராய்ச்சியைத் தொடக்கி வைத்தது சந்தையின் விலை. ஆனால் விலையைப் பற்றிய கணிப்புகள் யாவும் பொய்த்தன. குருதி, குடல், முட்டை, நோய் என உயிரைப் பற்றி அறிந்தவையே எஞ்சின. அவ்வறிவே பிற்காலத்திலே தொழிலாளர் உயிரையும் காத்தது. பயன் கருதித் தொடங்கும் ஆராய்ச்சியும் பொருளின் இயல்பினை உள்ளவாறு நாடும்போதே நிலைத்த பயன் தரும் என்பதற்குத் தீக்கோழியின் வரலாறு தக்க சான்றாகும்.