கொள்வோர் அறம்

விற்போருக்குரிய அறத்தைப் பற்றி நம் முன்னோர் மிகுதியாகப் பேசியுள்ளனர். கள்ள நிறையையும் கலப்படத்தையும் கொள்ளை இலாபத்தையும் கடிந்துரைக்கும் நீதியுரைகள் பல. ஆயினும் வாணிகம் ஒரு கையால் நடப்பதன்று. கொடுக்கும் கை ஒன்று. கொள்ளும் கை மற்றொன்று. கொள்வோருக்கும் அறம் உண்டா? உண்டெனில் அது எவ்வாறு வளர்ந்தது? இவ்வினாவுக்கு விடை காண, மாணவச் செல்வங்களே, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வானம் பார்த்த பூமிக்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

1910-ல் அமைந்த இராமநாதபுரம் மாவட்டத்தில் நெடுங்காலம் இருந்து, 1985-க்குப் பின் இன்றைய விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த நிலம் இது. திருச்சுழி, சுந்தரர் பாடிய திருத்தலம். 1879-ல் இரமண மகரிஷி பிறந்த ஊர். ஊரையொட்டிக் குண்டாறு செல்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அது மணலாறாகவே கிடக்கும். வடகிழக்குப் பருவமழை பெய்தால் கண்மாய் நிறையும். கரிசல் காட்டில் பருத்தியும் கம்பும் சோளமும் விளையும். மழை பொய்த்தால் எல்லாம் பொய்க்கும். அருப்புக்கோட்டையிலோ கைத்தறி நெசவு பெருந்தொழில். நெய்த துணியைக் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் நெசவாளி கூலியைக் காண்பான்.

இத்தகைய நாட்டில் கையில் காசு எந்நாளும் புழங்குவதில்லை. பசி மட்டும் எந்நாளும் வருகிறது. இவ்விரண்டுக்கும் இடையே பாலமாக நின்றது ஊர்க் கடை. உப்பும் புளியும் பற்றில் கொடுத்துவிட்டு, விளைச்சலுக்கும் கூலிக்கும் கடைக்காரர் காத்திருப்பார். காசு வந்ததும் முதலில் கடைக்கணக்கைத் தீர்த்தவன் தன் மானத்தை மட்டும் காத்தானில்லை. அடுத்த வீட்டானுக்கும் பற்றுக் கிடைக்கும் வழியைக் காத்தான். தீர்க்க இயன்றும் தீர்க்காதவன் சிறிய முதலையுடைய கடையையே மூடச் செய்தான். கடை மூடினால், வட்டிக்குக் கடன் கொடுப்போரிடம் ஊரார் கைகட்டி நிற்க நேர்ந்தது. ஆகவே, வறண்ட நாட்டில் கொள்வோரின் ஒழுக்கம் வெறும் நாகரிகமன்று, ஊரின் உயிர்நாடி.

இக்கருத்து நம்மவர்க்குப் புதிதன்று. மதுரையின் பகற்கடைகளாகிய நாளங்காடியையும் இரவுக் கடைகளாகிய அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி விரித்துரைக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றும் பட்டினப்பாலையோ இன்னும் நுட்பமான ஒன்றைக் கூறுகிறது. அவ்வணிகர் தாம் விற்கும்போது அளவைக் குறைப்பதில்லை; தாம் வாங்கும்போதும் மிகுதியாகப் பெறுவதில்லை என்கிறது. குறைத்துக் கொடுப்பது குற்றமெனில், மிகுத்துக் கொள்வதும் குற்றமே! பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணவேண்டும் என்னும் வள்ளுவர் வாக்கும் இந்நெறியையே காட்டுகிறது.

பேரேடுகளில் எழுதப்படாத சில வழக்கங்களும் இந்நெறியைக் காத்துவந்தன. தானியம் அளப்போர் முதற்படியை ‘ஒன்று’ என்று எண்ணாமல் ‘இலாபம்’ என்று கூறித் தொடங்குவர். காலையில் நடக்கும் முதல் விற்பனைக்குப் ‘போணி’ என்று பெயர். போணி நேரத்தில் கடன் கேட்பதும், பொருளைப் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்காமற் போவதும் பண்பன்று எனக் கருதினர். இதனை வெறும் சகுனம் என்று தள்ளிவிடலாகாது. நாள் முழுதும் கடையில் உட்காரப் போகும் ஒருவருக்கு முதல் வாடிக்கையாளர் தரும் ஊக்கம் அது. மாட்டுச் சந்தையில் கையின்மேல் துண்டைப் போட்டு, விரல்களைத் தொட்டு விலை பேசுவர். ஒருவரது முடையும் மற்றவரது ஆசையும் ஊரறிய வெளிப்படாமல் காத்தது அத்துண்டு. ‘கொசுறு’ என்பதோ விற்பவர் தாமே மகிழ்ந்து தருவது. அதனை உரிமையாகக் கேட்டுச் சண்டையிடுவது, பட்டினப்பாலை கூறும் மிகைக் கொள்ளலே ஆகும்.

அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, விருதுநகர் போன்ற ஊர்களில் வணிகம் செய்த நாடார் சமூகத்தார் ‘மகமை’ என்னும் ஏற்பாட்டைக் கொண்டிருந்தனர். தம் சரக்கின்மீது தாமே விதித்துக்கொண்ட சிறு தொகை அது. அத்தொகை பொது நிதியாகத் திரண்டு, கோயில், கிணறு, பள்ளிக்கூடம் ஆகிய பொதுப் பணிகளுக்குப் பயன்பட்டது. கடையில் கைமாறும் காசு கல்லாவோடு நின்றுவிடுவதில்லை. அது எழுத்தறிவாகவும் குடிநீராகவும் மீண்டும் தெருவுக்கு வரக்கூடும் என்பதற்கு மகமை ஒரு சான்று.

ஆனால் பழமையில் அனைத்தும் அழகு என்று எண்ணிவிடாதீர்கள். காசு கொடுத்து வாங்க வந்தவர் எல்லாரையும் நம் கடைத்தெரு ஒருபடித்தாக நடத்தவில்லை. தீண்டாமை என்னும் கொடுமையினால், தமிழகத்தின் பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் கடைப் படிக்கு அப்பால் நின்று, மற்றவர் வாங்கிச் செல்லும்வரை காத்திருந்து, எட்ட வைக்கப்பட்ட பொருளை எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது. தேநீர்க் கடைகளில் தனிக் குவளையும் இருந்தது. இதில் விற்றவருக்கு மட்டுமா பங்கு? பக்கத்தில் நின்று, “எனக்கு முதலில் கொடு” என்று கேட்ட மற்றை வாடிக்கையாளருக்கும் பங்கு உண்டு.

1950 சனவரி 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு, தன் 15-ஆம் பிரிவில் கடைகளையும் உணவு விடுதிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, சாதி, சமயம் முதலியவற்றின் பேரால் அங்கு எவரையும் தடுக்கலாகாது என்று விதித்தது. 1955-ல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் அத்தடையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஒரு நாட்டின் தலையாய சட்டம் கடைவாசலைப் பற்றிப் பேசுகிறது என்றால், அவ்வாசலில் எத்துணைப் பெரிய மானம் அடங்கியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்!

இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பங்கீட்டுக் கடைகள் நமக்கு வரிசையைப் பழக்கின. சென்னை மாநிலத்தில் 1952-ல் உணவுக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. எனினும் பொதுப் பங்கீடு பிற்காலத்தில் மீண்டும் வலுப்பெற்றது. 1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தோன்றியது. முன்னே வந்தவர் முன்னே பெறுவார் என்னும் வரிசையின் விதி மிக எளியது. அதற்குச் சாதி தெரியாது, செல்வம் தெரியாது. ஆதலின் வரிசையை முந்துவோர் சில நிமிடங்களை மட்டும் திருடுவதில்லை. முன்னாளில் கடைவாசலில் நின்ற ஏற்றத்தாழ்வையே மீண்டும் அழைத்து வருகின்றனர்.

1957 ஏப்ரல் முதல் நாள் நாணயமுறை மாறியது. 16 அணா கொண்ட ரூபாய் 100 நயா பைசா ஆயிற்று. நான்கணாவுக்கு 25 பைசா என்பது எளிது. ஓரணாவுக்கோ ஆறேகால் பைசா! அக்காற் பைசாவை யார் விடுவது? 1958 முதல் வீசையும் பலமும் படிப்படியாக விலகிக் கிலோகிராம் வந்தது. ஒரு வீசை ஏறத்தாழ 1.4 கிலோ. இத்தகைய மாற்றக் காலத்தில் இருபுறமும் பொறுமை இல்லாவிடில் வாணிகம் எவ்வாறு நடக்கும்?

பிற நாட்டு வரலாறும் இதனையே கூறுகிறது. 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் குவேக்கர் வணிகர் பேரத்தை விடுத்து ஒரே விலை என்னும் நெறியை மேற்கொண்டனர். அதனால் சிறு பிள்ளையைக் கடைக்கு அனுப்பினாலும் ஏமாற்றம் இல்லை. 1844-ல் அந்நாட்டு ராச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட 28 தொழிலாளர் கூட்டுறவுக் கடை தொடங்கினர். தூய பொருள், சரியான நிறை, ரொக்கப் பணம் என்பன அவர்தம் கொள்கைகள். முதலிரண்டும் விற்போர் அறம். மூன்றாவது கொள்வோர் அறம். நம் சென்னைத் திருவல்லிக்கேணியிலும் 1904-ல் அத்தகைய கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. 1916-ல் அமெரிக்காவின் மெம்பிசு நகரில், வாங்குவோர் தாமே பொருளை எடுத்து வந்து இறுதியில் பணம் செலுத்தும் கடை திறக்கப்பட்டது. அம்முறை உலகெங்கும் பரவி, இன்று நம் சிற்றூர்களிலும் பணம் செலுத்தும் முகப்பாக வந்து நிற்கிறது.

அம்முகப்பில் அமர்ந்திருப்பவர், அல்லது நிற்பவர், யார்? பெரும்பாலும் உங்களினும் சில ஆண்டுகளே மூத்த ஒரு பெண்ணோ இளைஞரோ. நம் நாட்டுக் கடைகளில் பணியாளர் நாள் முழுதும் நின்றுகொண்டே வேலை செய்த நிலை நெடுங்காலம் இருந்தது. கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் சட்டத்தைத் திருத்தி, கடைப் பணியாளர்க்கு இருக்கை அளிக்கவேண்டும் என்று விதித்த பின்னரே உட்காருவது அவர்க்கு உரிமையாயிற்று. இருக்கையைச் சட்டம் கொடுக்கும். இன்சொல்லைச் சட்டம் கொடுக்குமா? அதனைக் கொள்வோரே கொடுக்க வேண்டும்.

அதற்குப் பெருந்தியாகம் எதுவும் வேண்டுவதில்லை. முறை வருமுன்னரே பணத்தையோ கைப்பேசியையோ ஆயத்தமாக வைத்திருத்தல். கணக்குப் பார்ப்பவர் முன் கைப்பேசியில் உரையாடாதிருத்தல். வேண்டாமென்று விட்ட பொருளை எடுத்த இடத்திலேயே வைத்தல். ஒரே பொருளோடு நிற்கும் முதியவருக்கு வழிவிடுதல். மீதிச் சில்லறை மிகுதியாக வந்தால் திருப்பிக் கொடுத்தல். விலையில் ஐயம் எழுந்தால் குரலை உயர்த்தாமல் கேட்டல். இவை போதும். 1986-லும் பின்னர் 2019-லும் இயற்றப்பட்ட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டங்கள் உங்களுக்கு உரிமை தந்துள்ளன. பழுதான பொருளைத் திருப்பிக் கொடுக்கத் தயங்காதீர்கள். ஆனால் பழுதைச் செய்தவர் முகப்பில் இருக்கும் ஊழியர் அல்லர் என்பதையும் மறவாதீர்கள்.

பெரிய அங்காடியில் அச்சிட்ட விலையைப் பேசாமல் கொடுத்துவிட்டு, வெளியே வெயிலில் கீரை விற்கும் அம்மையிடம் ஒரு ரூபாய்க்கு வாதாடுவோர் உளர். கரிசற்காட்டு மக்கள் பற்றுக் கணக்கின் வழியே கற்ற பாடத்தை அவர்கள் கற்கவில்லை. வலிமை குறைந்தவரிடம் நாம் எவ்வாறு வாங்குகிறோம் என்பதே நம் அறத்தின் உரைகல். தராசில் பொருள் மட்டும் நிறுக்கப்படுவதில்லை. அதன் எதிரே நிற்கும் நாமும் நிறுக்கப்படுகிறோம்.