வரையாடும் புல்வெளியும்: மேற்குத் தொடர்ச்சி மலைப் பாதுகாப்பு வரலாற்றில் ஒரு நூற்றாண்டு இடைவெளி

தமிழ்நாட்டின் மாநில விலங்கான நீலகிரி வரையாடு, நீலகிரி முதல் குமரி மாவட்ட மலைகள் வரை ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீளத்தில் ஒன்றையொன்று தொடாத சிறு சிறு கூட்டங்களாகச் சிதறி வாழ்வது. சங்கப் பாடல்களில் வரும் ‘வருடை’ இதுவே என்பர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதை முதல் அட்டவணையில் சேர்த்து வேட்டையை முற்றாகத் தடுத்தது. ஆயினும் இவ்விலங்கைக் காக்கும் முயற்சி அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்பே தொடங்கிவிட்டது. அது மேயும் புல்லைக் காக்கும் முயற்சியோ மிக அண்மைக் காலத்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் நேர்ந்த இழப்பே இங்கு ஆராயப்படுகிறது.

1877இல் உதகையில் நீலகிரி வேட்டைக் கழகம் தோன்றியது. இரண்டாண்டுகளில், 1879இல், சென்னை மாகாண அரசு நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றி, வேட்டைக்கு உரிமமும் வேட்டையாடக் கூடாத பருவமும் வகுத்தது. பொழுதுபோக்காக வேட்டையாடியவர்களுக்கு விலங்குகள் தீர்ந்துபோகக் கூடாது என்பதே அதன் உடனடி நோக்கம் என்றாலும், வரையாடு அடியோடு அழியாமல் தப்பியதில் அச்சட்டத்துக்குப் பங்கு உண்டு என்பதை மறுக்க இயலாது.

வரையாட்டின் வாழிடம் இரண்டு கூறுகளால் ஆனது. ஏறத்தாழ 1,200 மீட்டருக்கு மேல், பள்ளங்களிலும் நீரோடைகளின் ஓரங்களிலும் ‘சோலை’ எனப்படும் குட்டையான பசுமைமாறாக் காடு அடர்ந்திருக்க, அதைச் சூழ்ந்த சரிவுகள் முழுவதும் புல்வெளியாக விரிந்திருக்கும். வரையாடு மேய்வது புல்வெளியில். புலி, சிறுத்தை, செந்நாய் தென்பட்டால் ஓடி ஒதுங்குவது புல்வெளியை ஒட்டிய செங்குத்துப் பாறையில். முதிர்ந்த கிடாவின் உடல் ஏறக்குறையக் கருமையாகவும் முதுகில் சேணம் விரித்தாற்போல் வெண்சாம்பல் திட்டுடனும் இருக்கும். பகையைத் தொலைவிலேயே கண்டுகொள்வதுதான் மந்தையின் முதல் அரண் என்பதால், மறைப்பில்லாத திறந்த வெளி அதற்குப் புல்லைப் போலவே இன்றியமையாதது.

இந்த வெளியைத்தான் நிருவாகம் வெற்று நிலமாகக் கண்டது. தோடர்கள் தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்ததும், தம் கோயிலுக்குக் கூரை வேயப் புல் அறுத்ததும் இங்கேதான் என்பது அக்கணக்கில் சேரவில்லை. 19ஆம் நூற்றாண்டில் விறகுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆஸ்திரேலியச் சீகை மரமும் கற்பூர மரமும் நாடு விடுதலை பெற்ற பின்னர் பெருந்தோட்டங்களாகப் பரவின. சீகையின் பட்டை தோல் பதனிடவும், கற்பூர மரம் செயற்கைப் பட்டு இழைக்கான கூழாகவும் பயன்பட்டன. மரம் நடுதல் எந்நிலத்திலும் நன்மையே என்ற நம்பிக்கையும் இதற்குத் துணைநின்றது. துப்பாக்கி செய்த கேட்டைவிட இந்த நம்பிக்கை செய்த கேடு நெடிது என்றே கருத வேண்டும். பழனி மலையில் மட்டும் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரு பங்கு மறைந்துவிட்டதைச் செயற்கைக்கோள் படங்களின் அடிப்படையில் 2018இல் வெளிவந்த ஆய்வு காட்டுகிறது.

இதற்கு மாறான வரலாறு மூணாற்றை அடுத்த இரவிகுளத்தில் காணப்படுகிறது. தேயிலை நிறுவனத்தின் வேட்டைக் காப்பிடமாக இருந்த அப்பீடபூமியில் தேயிலையும் நடப்படவில்லை, சீகையும் பரவவில்லை. முதுவர் குடியினர் காவலர்களாகப் பணியாற்றினர். கேரள அரசு 1971இல் சட்டமியற்றி நிலத்தை மீட்டு, 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் அறிவித்தது. வரையாடுகளின் மிகப் பெரிய கூட்டம் இன்றும் அங்கேதான் வாழ்கிறது. புல் அழியாத இடத்திலேயே விலங்கும் பெருகியது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

வழக்கறிஞரும் இயற்கை ஆர்வலருமான இ.ஆர்.சி. தாவீதார் 1975இல் வரையாட்டின் வாழிடங்கள் பலவற்றையும் தழுவிய முதல் கணக்கெடுப்பை மேற்கொண்டார். அவர் மதிப்பிட்ட தொகை ஏறத்தாழ 2,200. அதன் பின்னர் நீலகிரியிலுள்ள முக்கூர்த்தி 1982இல் சரணாலயமாகவும் 1990இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. எனினும் அதன் எல்லைக்குள்ளேயே சீகைத் தோட்டங்கள் நின்றன.

தமிழ்நாடு அரசு 2022இல் அயல் படையெடுப்புத் தாவரங்களுக்கான கொள்கையையும், அதே ஆண்டு டிசம்பரில் ரூ.25 கோடி மதிப்பிலான ஐந்தாண்டு நீலகிரி வரையாடு திட்டத்தையும் அறிவித்தபோதுதான் விலங்கும் புல்வெளியும் ஒரே நோக்கில் இணைந்தன. தாவீதாரின் நினைவாக அக்டோபர் 7 வரையாடு நாளாகக் கொள்ளப்படுகிறது. 2025இல் இரு மாநிலங்களும் இணைந்து நடத்திய கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,365 என மொத்தம் 2,668 வரையாடுகள் பதிவாயின.

எண்ணிக்கை ஆறுதல் தருவதே. ஆனால் சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடந்து, மரத்தை வெட்டியதும் வெயில் பட்டு ஆயிரக்கணக்கில் முளைக்கும் இயல்புடையது. ஆகவே முதிர்ந்த தோட்டங்களை ஒரேயடியாக வெட்டிச் சாய்ப்பதைவிட, எஞ்சியுள்ள புல்வெளிகளின் ஓரங்களில் ஊடுருவும் இளங்கன்றுகளை ஆண்டுதோறும் வேரோடு பிடுங்குவதற்கே முதலிடம் தர வேண்டும் என்றும், ஐந்தாண்டுத் திட்டம் முடிந்த பின்னரும் அப்பணிக்கு நிதி ஒதுக்கப்பட வேண்டும் என்றும் இவ்வரலாறு வலியுறுத்துகிறது.